விருந்துக்கு வெள்ளரிக்காய் ஸ்பிரெட்: மலைநாட்டுக் குசினிக்கு ஏற்ற முறை

பிறந்தநாள் வீட்டு மேசையில் என்ன இருக்கும் என்று நம்ம பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை, அப்புறம் கேக். கேக்கைத் தவிர மற்றதெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் இருந்து வந்தவை. இரண்டு ரோல்ஸ் உள்ளே போனதும் வாய் வேறு எதையாவது தேடும். குளிர்ச்சியாக, லேசான புளிப்போடு, நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று. அந்த இடத்துக்குத்தான் இந்த வெள்ளரிக்காய் ஸ்பிரெட். கிரீம் கிறேக்கரில் வைக்கலாம், பாணுக்கு நடுவே பூசலாம், கரட்டைக் குச்சி குச்சியாக வெட்டித் தொட்டுச் சாப்பிடலாம். முட்டை இல்லை, இறைச்சி இல்லை, அதனால் வெள்ளிக்கிழமை விரதக்காரரும் தயங்காமல் எடுப்பார்கள். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். சமையலில் இப்போதுதான் கை வைக்கிறவர்கள்கூட முதல் தடவையிலேயே நன்றாகச் செய்துவிடலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: தண்ணீர்.

வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தயிரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இரண்டையும் அப்படியே கலந்தால் கிடைப்பது பச்சடி. சோற்றுக்கு அருமையாக இருக்கும். பாணில் பூசினால் கொஞ்ச நேரத்தில் பாண் ஊறிக் கூழாகிவிடும். நான் முதன்முதலில் செய்தபோது அதுதான் நடந்தது. அக்கா மகளுடைய பிறந்தநாள். நாற்பது முக்கோண சான்விச் வெட்டித் தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடி வைத்தேன். கேக் வெட்டி முடிந்து துணியை எடுத்தால் தட்டின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒன்றைத் தூக்கினால் பாண் நடுவில் மடிந்து கையோடு வராமல் கீழே விழுகிறது. பிள்ளைகள் முன்னால் அந்தத் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனது இன்னும் மனதில் இருக்கிறது. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஒங்க தாத்தா பிழியாம விட்டிருப்பாரா?” என்று மட்டும் கேட்டார்.

தாத்தா தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். பின்னேரத் தேநீரோடு வெள்ளரிக்காய் சான்விச் வைப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அவர்கள் போன பிறகும் தாத்தா வேலை செய்த பங்களாவில் அது நிற்கவில்லை. அவர் காயை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, உப்புத் தூவி, இரண்டு பீங்கான் தட்டுக்கு நடுவே பரப்பி, மேல்தட்டில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவாராம். அரை மணி நேரம் கழித்துத் தட்டைச் சரித்தால் தண்ணீர் கோடு போட்டு வடியுமாம். அவர் கையால் எத்தனை ஆயிரம் சான்விச் அந்த மேசைக்குப் போயிருக்குமோ தெரியாது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஒன்றுகூட வந்ததில்லை என்று அம்மா சொல்வார். அந்தக் குழவி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளரிக்காய் பிழிகிற நாளில் அதைத்தான் எடுக்கிறேன்.

சரி, சாமானுக்கு வருவோம். கீழே சொல்லும் அளவுக்கு 60 கிறேக்கர் வரை தாராளமாக வரும். வெள்ளரிக்காய் இரண்டு பெரியது, எடை போட்டால் 400 முதல் 500 கிராம். எருமைத் தயிர் ஒரு லீட்டர் சட்டி ஒன்று. உப்பில்லாத பட்டர் 50 கிராம், பாணில் பூச இன்னும் கொஞ்சம். பச்சை மிளகாய் இரண்டு. பூண்டு அரைப் பல், அதற்கு மேல் வேண்டாம். தேசிக்காய் ஒன்று. புதினா அல்லது வெங்காயத்தாள் ஒரு சிறு கைப்பிடி. மிளகும் உப்பும் வீட்டில் இருக்கும்.

காயைப் பார்த்து எடுப்பது

சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று சலாட் வெள்ளரி. நீளமாக, கரும்பச்சையாக, மெல்லிய தோலோடு இருக்கும். வெள்ளரி சூடு தேடுகிற கொடி, நுவரெலியாக் குளிரில் வெளியே போட்டால் சுணங்கிவிடும். அதனால் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் பொலித்தீன் கூடாரம் போட்டு உள்ளே வளர்க்கிறார்கள். இன்னொன்று கீழ்நாட்டில் இருந்து வருகிற வகை. பருமனாக, வெளிர்பச்சையாக, உள்ளே பெரிய விதையோடு இருக்கும். சிங்களத்தில் பிப்பிஞ்ஞா என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஸ்பிரெட்டுக்கு முதல் வகை சுலபம். தோலைச் சீவ வேண்டியதில்லை, விதையும் குறைவு. இரண்டாவதுதான் கிடைத்தது என்றால் கவலை வேண்டாம், விலையும் குறைவு. தோலை முழுக்கச் சீவி, நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியால் நடுவே இழுத்து விதையைக் கழற்றிவிடுங்கள். வழுவழுப்பான அந்த விதைப் பகுதிதான் அதிகமாகத் தண்ணீர் விடும்.

எந்த வகையானாலும் இரு முனையையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் பழசு. மஞ்சள் ஓடியிருந்தால் முற்றிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஓடுகிற தண்ணீரில் பிடித்துக் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மருந்தடித்த காயாக இருக்கலாம், அதைத் தோலோடு சாப்பிடப் போகிறோம்.

அடுத்து கசப்பு. வெள்ளரிக்காயில் கசப்பு இருந்தால் காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் கூடுதலாக இருக்கும். ஆகவே காம்புப் பக்கம் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து ஒரு சிறு வில்லை சீவி வாயில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு கசப்புக் காய் போதும், மொத்தச் சட்டியையும் கெடுத்துவிடும், பிறகு எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. நாக்கைச் சுருட்டுகிற அளவுக்குக் கசந்தால் அந்தக் காயை முழுதாகத் தூக்கிப் போடுங்கள். அப்படிக் கடுமையாகக் கசக்கும் காய் வயிற்றுக்கும் ஆகாது.

முதல் நாள் இரவு: தயிரைத் தொங்கவிடுவது

இந்த ஸ்பிரெட்டின் உயிர் தயிரில்தான் இருக்கிறது. டப்பாவில் வருகிற கிரீம் சீஸ் நல்ல பொருள்தான். ஆனால் ஒரு விருந்துக்கு வேண்டிய அளவு வாங்கப் போனால் கட்டுப்படியாகாது. மண்சட்டித் தயிரை ஓர் இரவு தொங்கவிட்டால் காலையில் அதே மாதிரிக் கெட்டியாக நிற்கும், புளிப்பு அதைவிட நன்றாக இருக்கும். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் வடித்த பிறகு வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக வருகிறது. திஸ்ஸமகாராமைத் தயிருக்கும் மட்டக்களப்புத் தயிருக்கும் பேர் உண்டு. வாங்கும்போது சட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டி அசையாமல் நின்றால் எடுக்கலாம். மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றால் அது குறையல்ல, வடியத்தான் போகிறது. பூஞ்சணமோ நுரையோ இருந்தால் மட்டும் வேண்டாம்.

வீட்டில் மாடு கட்டியிருக்கிறவர்கள் சொந்தப் பாலிலேயே உறைய வைக்கலாம். ஆனால் நம்ம குளிரில் தயிர் சீக்கிரம் உறையாது. காய்ச்சிய பால் விரல் பொறுக்கிற இளஞ்சூட்டுக்கு, சுமார் 40 பாகைக்கு, வந்ததும் உறை ஊற்றி, சட்டியைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, அடுப்புச் சாம்பலின் வெதுவெதுப்பு படுகிற இடத்தில் வையுங்கள். தலவாக்கலையில் ஜனவரி இரவு என்றால் பன்னிரண்டு மணி நேரமாவது விட வேண்டும். பசுந்தயிர் மெலிசாக இருப்பதால் ஒரு லீட்டருக்குப் பதிலாக ஒன்றேகால் லீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொங்கவிட மெல்லிய பருத்தித் துணி வேண்டும். பழைய வேட்டித் துண்டு நல்லது. சவர்க்கார மணம் போகக் கொதிநீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்து, ஒரு கிண்ணத்தின் மேல் விரித்து, தயிரைக் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். முதல் பத்து நிமிடம் தண்ணீர் தாரையாக ஓடும், பிறகு சொட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு மூட்டையைப் பிழியக்கூடாது, தயிரே துணி வழியாக வெளியே வந்துவிடும். அதன் பாரத்தில் அதுவாக வடியட்டும்.

எங்கே தொங்கவிடுவது என்பது நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே குளிர்கால இரவில் குசினி ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே கிண்ணம் வைத்தாலே போதும். பதுளை 680 மீற்றர் அளவில்தான் இருக்கிறது, கண்டி அதைவிடத் தாழ்வு. அங்கே வெளியில் விட்டால் காலையில் கடும் புளிப்பாகிவிடும். பிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். தொங்கவிட இடம் இல்லாவிட்டால் ஒரு வடியில் துணி விரித்து, தயிரைக் கொட்டி, மூடி, அடியில் கிண்ணம் வைத்து உள்ளே தள்ளிவிடுங்கள். ஆனால் விறகடுப்பு இருக்கிற இடத்தில் மட்டும் தொங்கவிட வேண்டாம். தயிர்க் கொழுப்பு எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை நான் அடுப்புக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் தயிரில் கருவாட்டுப் புகை மணம். வெள்ளரிக்காயோடு அது சேரவே இல்லை.

காலையில் மூட்டையைப் பிரித்தால் ஏறக்குறைய பாதி அளவு இருக்கும். கரண்டியால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம்.

தயிர் வடிக்க நேரமே இல்லை என்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வட்டப் பெட்டியில் முக்கோணத் துண்டுகளாக வரும் மெல்லிய சீஸ் இரண்டு பெட்டி எடுத்து, முள்ளுக்கரண்டியால் மசித்துச் சேர்க்கலாம். பிள்ளைகளுக்கு அந்தச் சுவை பிடிக்கும். அதிலேயே உப்பு இருக்கிறது, மேற்கொண்டு போட வேண்டாம். ருசியில் தயிருக்கு அது ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

உப்புப் போட்டுப் பிழிவது

காயைத் துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். சின்னக் கண்ணில் துருவினால் மாவாகிவிடும், பல்லுக்கு ஒன்றும் தட்டுப்படாது. துருவலில் முக்கால் தேக்கரண்டி உப்பைத் தூவிக் கலந்து வடியில் போட்டு வையுங்கள். உப்பு காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். ஐந்து நிமிடத்தில் துருவல் பளபளக்கத் தொடங்கும், பத்து நிமிடத்தில் அடியில் சொட்டும். அரை மணி நேரம் விடுங்கள்.

இனிப் பிழிய வேண்டும். சுத்தமான துணியில் துருவலைக் கொட்டி, பந்து மாதிரிச் சுருட்டி, இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்குங்கள். முதலில் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. துணியைப் பிரித்து, துருவலை உதறி, மறுபடியும் கட்டி முறுக்குங்கள். இன்னும் வரும். மூன்றாவது தடவையும் செய்யுங்கள். கை வலுவில்லாதவர்கள் துணிப் பொட்டலத்தை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, குழவியை மேலே ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கடைசியில் துருவல் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, விரலால் எடுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கிறேக்கரின் மேல் வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈர வட்டம் தெரிந்தால் இன்னொரு முறுக்கு வேண்டும்.

பிழிந்ததை வாயில் போட்டுப் பாருங்கள். போட்ட உப்பில் பெரும்பங்கு தண்ணீரோடு போயிருக்கும். அப்படியும் கரித்தால் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று அலசி, திரும்பவும் பிழிந்துவிடலாம்.

கலப்பது

பட்டரை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். மேட்டுப் பக்கத்துக் குளிரில் அது ஒரு மணி நேரத்திலும் இளகாது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சில விநாடி பிடித்தால் போதும், உருகவிடக்கூடாது. இளகிய பட்டரை மரக்கரண்டியால் வெளிறுகிற வரை அடித்து, வடித்த தயிரை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கலந்துகொண்டே போங்கள். பட்டர் எதற்கு என்று கேட்கலாம். குளிரில் அது இறுகும்போது ஸ்பிரெட் கிறேக்கரின் மேல் வழியாமல் நிற்கும்.

பிளெண்டரில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். போடாதீர்கள். வடித்த தயிர் அந்த வேகத்தில் இளகிவிடும், காயும் அரைபட்டு மிச்சத் தண்ணீரையும் விட்டுவிடும். கரண்டியும் கையும் போதும்.

பச்சை மிளகாயை விதை நீக்கிப் பொடியாக அரியுங்கள். பூண்டைக் கொஞ்சம் உப்போடு வைத்துக் கரண்டி முதுகால் மசியுங்கள். பச்சைப் பூண்டு நேரம் போகப் போகக் காரம் ஏறும், அதனால்தான் அரைப் பல். தேசிக்காயில் சாற்றைவிடத் தோலைத்தான் நான் நம்புகிறேன். பச்சைத் தோலை மட்டும் லேசாகத் துருவிப் போட்டால் மணம் வரும், தண்ணீர் சேராது. வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். சாறு வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதினாவைக் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் நறுக்குங்கள். பச்சை வெங்காயம் போட வேண்டாம். கூட்டத்தில் நின்று பேசுகிற விருந்தில் அந்த வாடை யாருக்கும் பிடிக்காது, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும்.

எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக வெள்ளரித் துருவலைப் போட்டு மெதுவாகப் புரட்டி, மிளகுத்தூள் தூவி, உப்புப் பாருங்கள். சாதாரணமாக ருசி சரியாக இருக்கும் அளவைவிட ஒரு துளி தூக்கலாக இருக்கட்டும், குளிர்ந்ததும் நாக்குக்கு ருசி மட்டாகத்தான் தெரியும். மூடி போட்டு இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இரவே செய்து வைப்பதென்றால் தயிர்க் கலவையை மட்டும் செய்துவிட்டு, காயை மறுநாள் காலையில் சேருங்கள். கலந்தது இரண்டு நாள் தாங்கும். உறைபெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், எடுத்ததும் தண்ணீர் வேறு தயிர் வேறாகப் பிரிந்துவிடும்.

மேசைக்குப் போகும் நேரம்

கிறேக்கரில் வைப்பதென்றால் விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு வையுங்கள். எவ்வளவு பிழிந்தாலும் அரை மணி நேரத்தில் கிறேக்கரின் மொறுமொறுப்புக் குறையும். தேக்கரண்டி நிறைய வைத்து, மேலே மெல்லிய வெள்ளரி வில்லை ஒன்றைச் செருகினால் பார்க்கவும் அழகு. சான்விச் என்றால் முன்கூட்டியே செய்யலாம். அதற்கு ஒருநாள் பழைய பாண் நல்லது, அன்றைக்குச் சுட்ட பாண் வெட்டும்போது நசுங்கும். இரண்டு துண்டின் உள்பக்கத்திலும் ஓரம் வரைக்கும் பட்டர் பூசுங்கள். கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது. தாத்தா ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட விடாமல் பூசுவார் என்று அம்மா சொன்னது இதற்காகத்தான் என்று பிறகுதான் புரிந்தது. நடுவே ஸ்பிரெட்டைப் பரப்பி மூடி, லேசாக அழுத்தி, அரை மணி நேரம் குளிரவைத்து, அதற்குப் பிறகு பல்லுக் கத்தியால் ஓரத்தைச் சீவி முக்கோணமாக வெட்டுங்கள். வெட்டியதன் மேல் பிழிந்த ஈரத் துணி போட்டு வைத்தால் காயாது. சீவின ஓரங்களைக் காயவைத்துப் பொடித்தால் கட்லட்டுக்குப் பாண் தூள்.

மண்டபத்துக்குக் கொண்டுபோவதென்றால் குளிர் தாங்குகிற ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் போட்டு, ஸ்பிரெட்டைத் தனி டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். வளைவுப் பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு போகாமல் அங்கே போய்ப் பூசிக்கொள்வதுதான் நல்லது. வெளியே எடுத்து வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. ஊரே குளிர்கிறதே, கெடாது என்று நினைக்கக்கூடாது. ஐம்பது பேர் நிறைந்த மண்டபத்துக்குள் அந்தக் குளிர் இருக்காது. பாதி பாதியாக மேசைக்கு அனுப்பி, மிச்சத்தை ஐஸிலேயே விடுங்கள்.

இந்தக் குளிரில் தயிரும் வெள்ளரிக்காயுமா, சளி பிடிக்காதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். அவர்களுக்கான தட்டைக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, மிளகுத்தூளைக் கொஞ்சம் கூட்டி, பக்கத்தில் இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியைச் சுடச்சுடக் கொடுங்கள். குளிர்ந்ததை ஒரு கடி, சூடானதை ஒரு மிடறு என்று மாறி மாறிப் போகும்போது இரண்டின் ருசியும் கூடும். எங்கள் வீட்டில் முதலில் தட்டு காலியாவது பெரியவர்கள் பக்கத்தில்தான்.

தயிரில் இருந்து வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் ரொட்டிக்கு மாப் பிசையும்போது தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால் ரொட்டி மெதுவாக வரும். கிண்ணத்தின் ஓரத்தில் ஸ்பிரெட் மிஞ்சியிருந்தால், அடுப்பில் இருந்து இறக்கின அந்த ரொட்டியில் தடவி, மேலே கொஞ்சம் கட்டச் சம்பல் வைத்துக் கொடுங்கள்.